முன் பிரேக் பற்றி நான் சொன்னது

"சீட் ரெண்டு இன்ச் எறக்கமா இருக்குதுங்க அம்மணி. முட்டி போயிரும்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரை மணிக்கு என் கைபேசியில் வந்து விழுந்த செய்தி இது. முந்தின நாள் தடாகம் சாலையில் எடுத்த படம் ஒன்றை எங்கள் மிதிவண்டிக் குழுவில் போட்டிருந்தேன். படத்தில் நான் இருந்தேன், பின்னால் மலை இருந்தது, மலைமேல் மேகம் இறங்கியிருந்தது. இத்தனையும் விட்டுவிட்டு அவர் பார்த்தது என் சீட்டின் உயரத்தை.

அவர் சோமனூர்ப் பக்கம் நூல் வியாபாரம் செய்கிறவர். ஐம்பதைத் தாண்டியவர், ஆனால் நெட்டையாக, வயிறு இல்லாமல், பின்னாலிருந்து பார்த்தால் கல்லூரிப் பையன்போல இருப்பார். மலைப்பாதை மிதிவண்டி ஓட்டுகிற எங்கள் குழுவைத் தொடங்கியவரே அவர்தான். எல்லோரும் அவரை அண்ணா என்போம். குழுவில் யார் எதைக் கேட்டாலும் முதல் பதில் அவருடையது. கேட்காவிட்டாலும் அவருடையதுதான்.

எனக்கு நாற்பத்தாறு வயது. கணபதியில் என் கணவரும் நானும் ஒரு சின்ன லேத் பட்டறை வைத்திருக்கிறோம். பம்புகளுக்கு ஷாஃப்ட், புஷ் கடைந்து கொடுக்கிறோம். பேரிங் எதனால் சூடாகும், எந்த நட்டை எவ்வளவு முறுக்கினால் போதும் என்பதெல்லாம் இருபது வருஷமாக எனக்குச் சோறு போடுகிற விஷயங்கள். அண்ணா எனக்குப் பேரிங் என்றால் என்ன என்று விளக்கியிருக்கிறார். அதுவும் ஒரு தடவையோடு நிற்கவில்லை.

ஒரு சமயம் என் வண்டியில் ஏற்றத்தில் மட்டும் கிர்ரக், கிர்ரக் என்று சத்தம் வந்தது. தெரியாத்தனமாகக் குழுவில் கேட்டுவிட்டேன். பெடல் அச்சின் பேரிங் போய்விட்டது, உடனே மாற்று என்றார் அண்ணா. மாற்றினேன். சத்தம் போகவில்லை. அப்படியானால் பெடல் என்றார். பெடலையும் மாற்றினேன். அப்போதும் போகவில்லை. அப்புறம் ஹாண்டில் கழுத்து என்றார். அதற்குமேல் எனக்குப் பொறுமை இல்லை. ஒரு மதியம் பட்டறையில் வேலை ஓய்ந்த நேரத்தில் வண்டியைத் தலைகீழாக நிறுத்தி ஒவ்வொன்றாகக் கழற்றினேன். சீட் கம்பியைப் பிடிக்கிற கிளாம்புக்குள் ஒரு சிட்டிகை மணல். துடைத்து, கிரீஸ் தடவி மாட்டினேன். சத்தம் போயே போய்விட்டது.

குழுவில் சொன்னேன். அவர் எழுதினார்: "நான் அப்பவே சீட்டப் பாக்கச் சொன்னேனுங்களே." அவர் பார்க்கச் சொன்னது சீட்டின் உயரத்தை. கீழே பதினோரு பேர் கைதட்டல் படம் போட்டிருந்தார்கள்.

இன்னொரு நாள் பஞ்சு வைத்துத் தைத்த அரைக்கால் சட்டையை எப்படிப் போட வேண்டும், உள்ளே எதைப் போடக் கூடாது என்று நாற்பது பேர் இருக்கிற குழுவில் என் பேரைச் சொல்லி விளக்கம் எழுதினார். நான் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்டிருக்கவில்லை. அன்று என் கணவரிடம் கைபேசியை நீட்டினேன். அவர் படித்துவிட்டு, "வெளியே வந்துர வேண்டியதுதானே" என்றார்.

வெளியே வர முடியாது என்பதுதான் என் கஷ்டம். எந்தப் பாதையில் மழைக்குக் கல் சரிந்திருக்கிறது, எந்தப் பக்கம் நேற்று யானை நின்றது என்பதெல்லாம் அந்தக் குழுவில்தான் தெரியவரும். அதைவிட முக்கியம் துணை. மலைச்சாலையில் ஒரு பெண் தனியாக வண்டி ஓட்டிப் போவது நடக்காது. என் கணவர் மிதிவண்டி ஏற மாட்டார். ஆக, மலை வேண்டுமென்றால் அண்ணாவும் வேண்டும்.

அப்படித்தான் பர்கூர்ப் பயணம் வந்தது. அந்தியூரில் ஆரம்பித்து மலையேறி, பர்கூர் போய்த் திரும்பி இறங்குவது. பதினைந்து பேர் வருகிறோம் என்றார்கள். பிறகு ஒருவருக்குக் கல்யாணம், ஒருவருக்குக் காய்ச்சல், மற்றவர்களுக்குக் காரணமே இல்லை. கடைசியில் மூன்று பேர் மிஞ்சினோம். அண்ணா, நான், கோட்டைமேட்டில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிற பாய்.

பாய் அதிகம் பேசமாட்டார். அவருடைய வண்டி பழைய இரும்பு வண்டி. யார் அதைக் கேலி செய்தாலும் சிரித்துக்கொண்டு, பையிலிருந்து பேரீச்சம்பழம் எடுத்து நீட்டுவார். அவரோடு வண்டி ஓட்டுவது எனக்கு எப்போதும் இதம்.

போகிறவர்கள் மூன்று பேர்தான், ஆனாலும் அண்ணாவின் அறிவுரைகள் இரண்டு வாரம் ஓடின. டியூப் எத்தனை, எந்தப் பம்பு, தண்ணீரில் உப்பு எவ்வளவு. டயரில் காற்றை அந்தியூரில் ஒரு அளவும் தாமரைக்கரையில் ஒரு அளவும் வைக்க வேண்டும். ஆளுக்கு நூறு கிராம் மிளகாய்ப் பொடி கொண்டுவர வேண்டும்.

"மொளகாப் பொடி எதுக்குங்ணா?" என்று பாய் கேட்டார்.

"யானைக்குங்க."

"யானைகிட்ட அவ்வளவு பக்கத்துல போனா, அதுக்கப்புறம் பொடி நமக்கு எதுக்குங்க" என்று எழுதினார் பாய். அந்த இரண்டு வாரத்தில் நான் சிரித்தது அந்த ஒரு முறைதான்.

புறப்படுகிற நாள் அண்ணாவின் நூல்கடை வேனில் மூன்று வண்டிகளையும் ஏற்றிக்கொண்டு விடியும் முன் கிளம்பினோம். பவானியில் இட்லி சாப்பிட்டோம். அங்கேயும் நான் இரண்டாவது வடை எடுத்தபோது, ஏற்றத்துக்கு முன்னால் எண்ணெய்ப் பலகாரம் நெஞ்சில் நிற்கும் என்றார். எடுத்த வடையை வைக்கவும் முடியாமல், தின்னவும் பிடிக்காமல் தின்றேன்.

அந்தியூரில் வண்டிகளை இறக்கினோம். வேன் சரக்கோடு ஈரோட்டுக்குப் போய்விட்டுச் சாயங்காலம் நாலு மணிக்குத் திரும்பி வரும் என்று ஏற்பாடு. அண்ணாவின் மிதிவண்டியை வேனிலிருந்து கீழே வாங்கியது நான்தான். பழக்க தோஷத்தில் முன் பிரேக்கைப் பிடித்துப் பார்த்தேன். பிடி கிட்டத்தட்டக் கைப்பிடி வரைக்கும் போனது. குனிந்து பார்த்தேன். சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கைக் கவ்வி நிறுத்துகிற பேட் இரண்டும் தேய்ந்து, பின்னால் இருக்கும் தகடு தெரிகிற நிலைக்கு வந்திருந்தது.

"ஏனுங்ணா, முன்னாடி பேட் முடிஞ்சு போச்சுங்க. என்கிட்ட புதுசு ஒரு செட் இருக்குது. பத்து நிமிசத்துல மாத்திரலாம்."

எங்கள் இருவர் வண்டியிலும் ஒரே வகை பிரேக். என்னை அந்த பிரேக்கை வாங்க வைத்ததும் அவர்தான்.

அவர் வந்து குனிந்தார். ஒரு கண்ணைச் சுருக்கினார். "நல்லாத்தானுங்க இருக்குது. இன்னும் ஐநூறு கிலோமீட்டர் ஓடும்."

"தகடு தெரியுதுங்ணா."

"அது அப்படித்தானுங்க தெரியும். டிஸ்க் பிரேக்கப் பத்தி ஒரு நாளைக்கு உங்களுக்கு வெளக்கமாச் சொல்றேன் அம்மணி."

நான் பாயைப் பார்த்தேன். பாய் தன் காலணிக் கயிற்றைப் பார்த்தார்.

அத்தோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. பையிலிருந்து புது எண்ணெய் ஸ்பிரே ஒன்றை எடுத்தார். சங்கிலிக்கு அடிக்க வேண்டியதை ஏதோ செடிக்கு மருந்தடிப்பதுபோலப் பின்சக்கரம் முழுக்க அடித்தார். பின் டிஸ்க் வெயிலில் பளபளத்தது.

"டிஸ்க்ல எண்ணெய் பட்டுருச்சுங்ணா. பிரேக் பிடிக்காது."

"ரெண்டு சுத்து சுத்துனா காஞ்சிருமுங்க."

எண்ணெய் காயாது என்று ஒரு லேத்காரியிடமிருந்து தெரிந்துகொள்ள அவருக்கு விருப்பமில்லை. நான் மறுபடியும் வாயைத் திறந்தேன். அதற்குள் ஏறி மிதித்துவிட்டார். பட்டறையில் ஒரு ஆள் இப்படிச் செய்தால் மெஷினை நிறுத்திவிட்டுத்தான் மறுபேச்சு. அங்கே நான் அதைச் செய்யவில்லை. என் வண்டியில் ஏறி அவர் பின்னால் போனேன். அதை நினைத்து இன்றைக்கும் என்மேல் எனக்குக் கோபம் உண்டு.

வரட்டுப்பள்ளம் அணையைத் தாண்டியதும் ஏற்றம் ஆரம்பித்தது. ஏற்றத்தில் பிரேக்குக்கு வேலை இல்லை, ஆகையால் அவருக்குக் குறையும் இல்லை. பக்கத்திலேயே வந்தார்.

"கியரக் கொறைங்க. இன்னும் ஒண்ணு. தோளத் தளத்துங்க. மூச்ச மூக்குல இழுங்க."

எனக்கு வாயாலேயே மூச்சு போதவில்லை. காட்டின் வாசனை, மூங்கில் உரசுகிற சத்தம் எல்லாம் அவருடைய பேச்சுக்கு அந்தப் பக்கம் எங்கேயோ இருந்தன. ஒரு வளைவில் இறங்கி நின்று, சங்கிலியைப் பார்ப்பதுபோல நடித்தேன். அவர் போகட்டும் என்று. அவரும் நின்று, சங்கிலியில் என்ன கோளாறு என்று கேட்டார்.

தாமரைக்கரையில் டீ குடித்து, பர்கூர் போய்ச் சேரும்போது பதினொன்றரை. செவலை நிறத்தில் வெள்ளைத் திட்டு விழுந்த மாடுகள் சாலையை அடைத்துக்கொண்டு வந்தன. மாட்டுக்காரர் கன்னடமும் தமிழுமாக எங்களைப் பார்த்து ஏதோ கேட்டார். இவ்வளவு தூரம் எதற்கு மிதித்து வருகிறீர்கள், பஸ் இருக்கிறதே என்பதுதான் கேள்வி. பாய் அவருக்கும் ஒரு பேரீச்சம்பழத்தை நீட்டினார். அந்த ஒரு அரைமணி நேரம் அண்ணாவும் பேசாமல் மலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு அவரை அப்போது பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

திரும்பும்போது தாமரைக்கரையைத் தாண்டி இறக்கம் தொடங்கியது. அண்ணா முன்னால், நான் நடுவில், பாய் கடைசியில். இரண்டாவது வளைவிலேயே அவர் பின் பிரேக் ஊளையிட ஆரம்பித்தது. எண்ணெய் பட்ட டிஸ்க் அப்படித்தான் கத்தும், ஆனால் பிடிக்காது. பின் பிரேக் பிடிக்காததால் அவர் முன் பிரேக்கையே நம்பி இறங்கினார். கொஞ்ச தூரத்தில் இரும்பும் இரும்பும் தேய்கிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் எனக்கு அத்துப்படி. கருகல் நாற்றமும் வந்தது.

"அண்ணா, நிறுத்துங்க" என்று கத்தினேன்.

அவர் ஒரு கையைத் தூக்கி ஆட்டினார். கவலை வேண்டாம் என்பதாக.

அடுத்த வளைவுக்குக் கீழேயிருந்து பஸ் ஹாரன் கேட்டது. அண்ணா இரண்டு பிரேக்கையும் பிடித்ததை நான் பார்த்தேன். வேகம் குறையவில்லை. வலது பக்கம் பள்ளம், இடது பக்கம் மலையோர மண்மேடு, நடுவில் பஸ் வருகிறது. ஒரு நொடிதான். வண்டியை இடது பக்கம் ஒடித்து, மலையோரச் சாக்கடைக்குள் விட்டு, மண்மேட்டில் போய் மோதினார். பஸ் மேலே ஏறி வந்து, நின்று, ஓட்டுநர் எட்டிப் பார்த்து, அண்ணா கையை அசைத்ததும் போய்விட்டது.

நான் வண்டியைக் கீழே போட்டுவிட்டு ஓடினேன். முழங்கால் சிராய்த்து ரத்தம். முழங்கையில் தோல் உரிந்திருந்தது. எலும்புக்கு ஒன்றுமில்லை. ஹெல்மெட்டில் மண். அவர் சாக்கடை விளிம்பில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். பாய்தான் தண்ணீர் ஊற்றிக் காயத்தைக் கழுவினார்.

கைபேசியில் சிக்னல் இல்லை. கீழே இறங்கியாக வேண்டும், யானை நடமாடுகிற இடத்தில் உட்கார்ந்துகொண்டிருக்க முடியாது. அண்ணாவின் வண்டியைச் சாலையோரம் கவிழ்த்து வைத்தேன். முன் டிஸ்க் நீலம் பாரித்திருந்தது. ஆறும்வரை காத்திருந்து பழைய பேட்டை வெளியே எடுத்தேன். பேட் என்று ஒன்றுமே இல்லை, வெறும் தகடு.

டயர் கழற்றுகிற பிளாஸ்டிக் துண்டை வைத்து பிரேக்கின் பிஸ்டனை உள்ளே தள்ளினேன். புது பேட்டுக்கு இடம் வேண்டும்.

"மெதுவாங்க அம்மணி" என்று பின்னாலிருந்து குரல். "பிஸ்டன் ஒடஞ்சுரும். ரெண்டு பக்கமும் சமமாத் தள்ளோணும்."

நான் திரும்பினேன். முழங்காலில் பாயின் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு, சாக்கடையில் உட்கார்ந்தபடி, எனக்குச் சொல்லிக்கொடுக்கிறார்.

"அண்ணா, நான் உங்களுக்குக் காலையில மூணு தடவ சொன்னேன்."

"சொன்னீங்க."

"பேட் முடிஞ்சு போச்சுன்னு சொன்னேன். எண்ணெய் பட்டுருச்சுன்னு சொன்னேன். நீங்க குனிஞ்சு பாத்துட்டு நல்லா இருக்குதுன்னீங்க. இந்தாங்க, இப்பப் பாருங்க. இதுல எங்க இருக்குது ஐநூறு கிலோமீட்டர்?"

பழைய பேட்டை அவர் கையில் வைத்தேன். அவர் அதைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். பிறகு தள்ளிப் பிடித்தார். இன்னும் தள்ளி, கை நீளும் மட்டும் நீட்டி, தலையைப் பின்னால் சாய்த்துப் பார்த்தார்.

பாய் அதைக் கவனித்துக்கொண்டிருந்தார். "எவ்வளவு நாளாச்சுங்ணா?" என்றார்.

"எதுங்க?"

"கிட்டத்துல தெரியாமப் போயி."

அண்ணா பேட்டைக் கீழே வைத்தார். "ரெண்டு வருசம் இருக்குமுங்க. போன்ல பெருசு பண்ணிப் பாத்துக்குவேன்."

"வாரம் ஒருக்கா என்ற கடை வாசல்ல நின்னு டீ குடிக்கிறீங்க. உள்ள வந்திருக்கலாமே."

"கண்ணாடி போட்டுட்டு எப்படிங்க மலையேறறது. பசங்க தாத்தாம்பானுங்க."

காலையில் அவர் குனிந்து பார்த்தபோது அவருக்கு ஒன்றுமே தெரிந்திருக்கவில்லை. தெரியவில்லை என்று சொல்வதற்குப் பதிலாக நல்லா இருக்குது என்று சொல்லியிருக்கிறார். எனக்கு ஒரு நிமிஷம் பாவமாக இருந்தது. அதனாலேயே இன்னும் எரிச்சல் வந்தது. நிம்மதியாகக் கோபப்படக்கூட இந்த மனிதர் விடமாட்டேன் என்கிறாரே என்று.

"அண்ணா, சித்த நேரம் பேசாம இருங்க. வேல முடியற வரைக்கும்" என்றேன்.

"சரிங்க அம்மணி."

புது பேட்டை முன்னால் மாட்டினேன். பின் டிஸ்க்கை, பாய் வைத்திருந்த கை கழுவும் ஸ்பிரிட்டை ஊற்றி, துணியில் கறுப்பு வருவது நிற்கும்வரை துடைத்தேன். பின் பேட்டைக் கல்லில் தேய்த்து மேல்பூச்சை எடுத்தேன். புது பேட் டிஸ்க்கோடு படிய வேண்டும், அதனால் அதே வளைவில் பத்துப் பதினைந்து முறை மிதித்துப் பிடித்து, மிதித்துப் பிடித்துப் பார்த்தேன். முன் பிரேக் நன்றாகவே பிடித்தது. பின் பிரேக் சுமார்.

"நான் முன்னாடி போறேன். என்னைத் தாண்டக் கூடாது" என்றேன்.

தாண்டவில்லை. அந்த இறக்கம் முழுவதும் மூங்கில் சத்தம் கேட்டது, தூரத்தில் அணைத் தண்ணீர் தெரிந்தது, ஒரு கூட்டம் குரங்கு எங்களைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தது. யாரும் எனக்கு எதையும் சொல்லவில்லை. நாலு மணிக்குச் சற்று முன்னால் அந்தியூர் வந்துவிட்டோம். வேனில் திரும்பும்போது அவர் தூங்கிவிட்டார்.

மறுநாள் காலை ஐந்தரை மணிக்குக் கைபேசி அதிர்ந்தது. குழுவில் நீண்ட செய்தி. மலையிறக்கத்துக்குமுன் டிஸ்க் பிரேக்கில் கவனிக்க வேண்டியவை. பேட் தகடு தெரிகிறதா பார்க்கவும். எண்ணெய் ஸ்பிரேயை டிஸ்க் பக்கம் கொண்டுபோக வேண்டாம். கை கழுவும் ஸ்பிரிட் எப்போதும் பையில் இருக்கட்டும். எல்லாம் சரி. எல்லாம் நான் சொன்னது, நான் செய்தது. சாக்கடை பற்றி ஒரு வரி இல்லை. என்னைப் பற்றியும் இல்லை. கீழே வரிசையாகக் கைதட்டல். ஒருவர், அண்ணா மாதிரி அனுபவஸ்தர் கிடைத்தது நம் பாக்கியம் என்று எழுதியிருந்தார்.

பல் விளக்கிக்கொண்டிருந்த கணவரிடம் போய்ப் படித்துக் காட்டினேன். அவர் துப்பிவிட்டு, "எழுதிரு. நடந்ததையெல்லாம் போட்டுரு" என்றார்.

தட்டச்சு செய்தேன். வளைவு, பஸ், பேட், எல்லாம். கண்ணாடி விஷயத்துக்கு வந்ததும் விரல் நின்றுவிட்டது. அதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் அவர் வெறும் திமிர் பிடித்தவர் ஆகிவிடுவார். சொன்னால் நாற்பது பேரும் தாத்தா என்பார்கள். அழித்துவிட்டேன். அன்று பூராவும் பட்டறையில் யார் பேசினாலும் வள்ளென்று விழுந்தேன்.

பாயும் குழுவில் எதுவும் எழுதவில்லை. எனக்குத் தனியாக ஒரு செய்தி அனுப்பினார்: "தங்கச்சி, நேத்து நீங்க இல்லேன்னா கத வேற." அதை இரண்டு மூன்று முறை படித்தேன் என்பதை மறைப்பதற்கில்லை.

பத்து நாள் கழித்து ஒரு மதியம் அண்ணா பட்டறைக்கு வந்தார். வேனிலிருந்து மிதிவண்டியை இறக்கினார். மூக்கில் கண்ணாடி. கறுப்புச் சட்டம், அவருக்குப் பொருத்தமாகவே இருந்தது.

"பின்னாடி பிரேக் இன்னும் சரியாப் பிடிக்கலீங்க அம்மணி. எண்ணெய்க் கொழாய்ல காத்துப் பூந்திருக்குமாட்ட இருக்குது. கடைக்குக் கொண்டுபோலாம்னு இருந்தேன். அப்புறம், எப்படிச் செய்யறதுன்னு நீங்களே காட்டிருங்கன்னு கொண்டுவந்துட்டேன்."

மன்னிப்பு என்று எதுவும் கேட்கவில்லை. நன்றி என்றும் சொல்லவில்லை. ஆனால் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, நான் பிரேக்கிலிருந்து பழைய எண்ணெயை வெளியேற்றிப் புதிதை ஏற்றுகிற முக்கால் மணி நேரமும் கண்ணாடி வழியே உற்றுப் பார்த்தார். இரண்டு இடத்தில் கேள்வி கேட்டார். நல்ல கேள்விகள். குமிழி வருவது நிற்கிறவரை பிடியை அவரே அழுத்திக்கொடுத்தார்.

கிளம்பும்போது வாசலில் நின்று பட்டறையை ஒரு சுற்று பார்த்தார். ஓடிக்கொண்டிருந்த பெரிய லேத்தில் அவர் பார்வை நின்றது.

"அந்த லேத்துல பெல்ட் லூசா இருக்குதுங்களே அம்மணி. சத்தம் ஒரு மாதிரி வருது."

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. "இல்லீங்ணா. அது அப்படித்தான் இருக்கும்" என்றேன்.

"அப்படீங்களா. சரிங்க, வாரேனுங்க."

வேன் தெருமுனை திரும்புகிற வரைக்கும் நின்றேன். பிறகு உள்ளே வந்து லேத்தை நிறுத்தி, மூடியைக் கழற்றி, பெல்ட்டை விரலால் அழுத்திப் பார்த்தேன். அரை இன்ச்சுக்கு மேல் உள்ளே போனது. கணவர் பார்க்கவில்லை என்று உறுதிசெய்துகொண்டு, ஸ்பானரை எடுத்து மோட்டாரின் போல்ட்டைத் தளர்த்தி, பெல்ட்டை இழுத்து முறுக்கினேன்.

அண்ணாவிடம் இதை இதுவரை சொல்லவில்லை. சொல்கிற எண்ணமும் இல்லை.